மருந்துக் கடையை மூடுவோம், தோசைக்கல்லைப் போடுவோம்

போன செப்டம்பரில் நானும் என் வீட்டம்மாவும் பிரான்சு நாட்டுக்குப் போய் ஐந்து வாரம் தங்கிவிட்டு வந்தோம். மகள் அங்கே வேலை பார்க்கிறாள். திரும்பி வந்ததும் அடையாறு ஞாயிற்றுச் சந்தையில் நம் நண்பர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான். "அங்க என்ன சார் சாப்பிட்டீங்க?" ஈபிள் கோபுரத்தைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. உழவர்கள் என்றால் அப்படித்தான்.

"தோசை சாப்பிட்டேன்" என்றேன். பாரிசில் தமிழர் கடைகள் நிறைந்த லா ஷாப்பல் பகுதிக்குப் போயிருப்பீர்கள் என்றார் ஒருவர். அது இல்லை. நான் சொன்னது பிரெஞ்சுக்காரர்களின் தோசை. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் மந்தைவெளியில் எங்கள் வீட்டு முன்னறையில் வண்டு விழுந்து கிடந்த 31 சிப்பம் மாப்பிள்ளைச் சம்பா அரிசியும், நான் செய்த ஒரு பெரிய தப்பும் இதில் வரும். கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. 34 வருடம் வங்கியில் இருந்தேன். கடைசி ஆறு வருடம் தியாகராய நகரில். ஓய்வு பெற்ற பிறகு உத்திரமேரூர் பக்கம் மூன்றரை ஏக்கர் வாங்கி இயற்கை வழியில் நெல் வைக்கிறேன். வாரத்தில் நாலு நாள் அங்கே, மூன்று நாள் சென்னையில்.

மகள் இருப்பது ரென் என்ற ஊர். பாரிசிலிருந்து விரைவு ரயிலில் ஒன்றரை மணி நேரம். பிரிட்டனி என்ற மாகாணத்தின் தலைநகர். இங்கிலாந்துக்காரனின் பிரிட்டன் வேறு, இது வேறு. சனிக்கிழமை காலையில் 'மார்ஷே தே லீஸ்' என்ற சந்தை கூடுகிறது. பிரான்சின் பெரிய சந்தைகளில் ஒன்று. உழவர்கள் நேரடியாக வந்து ஆப்பிளும் வெங்காயமும் கீரையும் வெண்ணெயும் விற்கிறார்கள். மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு காலத்தில் காய்கறிக்காரம்மாக்கள் உட்கார்ந்திருந்த மாதிரி ஒரு நெருக்கம், ஒரு சத்தம்.

அந்தச் சந்தையில் நீளமான ஒரு வரிசை நின்றது. பன்றி இறைச்சிச் சாசேஜை ஒரு சாம்பல் நிற ரொட்டியில் சுருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் சைவம். வீட்டம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிட்டாள். ஆனால் என் கண் அந்தக் கல்லின் மேல் இருந்தது. வட்டமான பெரிய இரும்புக் கல். 'பிலிக்' என்கிறார்கள். அதன் மேல் ஒரு கரண்டி மாவை ஊற்றி, 'ரோசெல்' என்ற T வடிவ மரக்குச்சியால் ஒரே சுழற்று. காகிதம் மாதிரி விரிகிறது. ஓரம் முறுகிக் கிளம்பியதும் அகலமான தோசைத் திருப்பியால் புரட்டுகிறார்கள்.

"ஏங்க, இது ரவா தோசை மாதிரி இல்ல?" என்று திரும்பி வந்து நின்றாள் வீட்டம்மா.

மகள் விசாரித்தாள். இதற்குப் பெயர் கலெத். மாவு, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். கரைத்துச் சில மணி நேரமோ ஒரு இரவோ ஊற வைக்கிறார்கள். இறைச்சி வேண்டாம், முட்டை வேண்டாம், வேறு கல்லில் வெண்ணெய் மட்டும் போட்டு ஊற்றித் தர முடியுமா என்று கேட்டோம். கடைக்காரம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் புதுக் கல்லைச் சூடு பண்ணினாள். முதல் கலெத் பிய்ந்துபோய்விட்டது. சிரித்துக்கொண்டே ஓரம் தள்ளினாள். முதலாவது எப்பவும் அப்படித்தானாம். உலகத்தில் எந்த ஊர் அடுப்பிலும் முதல் தோசையின் விதி ஒன்றுதான் போலிருக்கிறது.

அடுத்ததை உப்பு வெண்ணெய் தடவி நாலாக மடித்துக் கொடுத்தாள். கொள்ளு வறுத்த மாதிரி ஒரு வாசனை. லேசான கசப்பு. கேழ்வரகு தோசையின் உடம்பு, ஆனால் முறுகல். கூடவே ஒரு கிண்ணத்தில் 'லே ரிபோ' என்று ஒன்று தந்தாள். குடித்துப் பார்த்தால் மோர்! வெண்ணெய் கடைந்து எடுத்த மோர்தான். பெருங்காயமும் கறிவேப்பிலையும்தான் இல்லை. தோசையும் மோரும் வைத்துச் சாப்பிடுகிற ஒரு ஜனம் அட்லாண்டிக் கடலோரத்தில் இருக்கிறது என்று எனக்கு 65 வயதில்தான் தெரிந்தது.

அந்த மாவு எந்தத் தானியம் என்று கேட்டேன். 'ப்ளே நுவார்' என்றாள். கறுப்புக் கோதுமை என்று பொருள். இன்னொரு பெயர் சராசேன். பெயர்தான் கோதுமை. இது புல் இனமே இல்லை. நம் சுக்கான்கீரையின் குடும்பம். முக்கோணமாகக் கறுப்பு விதை. வட இந்தியாவில் நவராத்திரி விரதத்துக்குக் 'குட்டு' மாவு என்று சாப்பிடுகிறார்களே, அதுதான்.

மகளின் வீட்டுக்காரருக்குத் தெரிந்த ஒரு உழவர் ரென்னுக்குத் தெற்கே இருந்தார். ஒரு நாள் கூட்டிப் போனார்கள். செப்டம்பர் கடைசி, அறுவடைக்கு நிற்கிறது பயிர். தண்டு ரத்தச் சிவப்பு. ஒரே செடியில் காய்ந்த விதையும் இருக்கிறது, வெள்ளைப் பூவும் இருக்கிறது, தேனீயும் இருக்கிறது. ஒரே சீராக முற்றாது. அதனால் மகசூல் ஒரு வருடம் போல இன்னொரு வருடம் இருக்காது என்றார். மே கடைசி, ஜூனில் விதைத்தால் நூறு நாளுக்குக் கொஞ்சம் மேலே போகும். இளைத்த மண்ணில், புளித்த மண்ணில் வரும். முளைத்த வேகத்தில் நிழல் கட்டிவிடுவதால் களை எழும்பாது. உரம் கொட்டினால் தழைத்துச் சாய்ந்துவிடுமாம். நம் மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் காட்டுயானத்துக்கும் யூரியா போட்டால் என்ன ஆகும்? அதேதான்.

அதன் கதையும் நம் கதைதான். பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டு வாக்கில் அந்த மண்ணுக்கு வந்த பயிர். விளைந்த கோதுமை குத்தகைக்கும் வரிக்கும் போகும், குடியானவன் வயிற்றுக்குச் சராசேன். நம் ஊரில் நெல்லை அளந்துவிட்டுக் கூழ் குடித்த மாதிரி. போன நூற்றாண்டின் நடுவில் பிரிட்டனி முழுவதும் மக்காச்சோளம், மாட்டுப் பண்ணை, பன்றிப் பண்ணை என்று மாறியது. உரமும் சாணக் கழிவும் ஆற்றில் இறங்கி இன்றைக்கும் அந்தக் கடற்கரைகளில் பச்சைப் பாசி ஒதுங்கி நாறுகிறது. ஏழையின் தானியம் வயலை விட்டு அநேகமாகப் போயேவிட்டது.

ஆனால் கலெத் போகவில்லை. இதைத்தான் நான் கவனித்தேன். வயலில் பயிர் இல்லாத காலத்திலும் வீட்டில், சந்தையில், கடைத்தெருவில் அந்தத் தோசை இருந்தது. வெளிநாட்டு மாவில் செய்தார்கள், ஆனாலும் செய்தார்கள். 1987இல் உழவர்களும் மாவு ஆலைக்காரர்களும் சேர்ந்து ஒரு சங்கம் கட்டி, நம் தோசைக்கு நம் மண்ணின் மாவு என்று கிளம்பினார்கள். 2010இல் பிரிட்டனிச் சராசேன் மாவுக்கு ஐரோப்பியப் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கேயும் பாலும் தேனும் ஓடவில்லை. இன்றும் கணிசமான சராசேன் வெளிநாட்டிலிருந்து இறக்குமதிதான், பல கடைகள் அதைத்தான் ஊற்றுகின்றன. இருந்தாலும் உள்ளூர் உழவர் ஒருவர் ஆலையோடு பேசி விலை வைத்து விதைக்க ஒரு வழி இருக்கிறது.

அந்த உழவரிடம் நான் நம் பழக்கத்தில் ஒரு கேள்வி கேட்டேன். "இதில் என்ன மருத்துவ குணம்?"

மகள் மொழிபெயர்த்தாள். அவருக்குப் புரியவில்லை. மறுபடியும் கேட்டாள். அவர் தோளைக் குலுக்கிவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்.

"நல்லா இருக்கும்னு சொல்றாருப்பா."

அவ்வளவுதான். கடையில் மாவுப் பையின் மேல் குளூட்டன் இல்லை என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்தேன். அது உண்மைத் தகவல், ஒவ்வாமை உள்ளவர்களுக்கு உதவும். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மூட்டு வலி, முடி கொட்டுதல், ஆண்மை, ஒன்றுமே இல்லை. எனக்கு அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். நான் சந்தையில் கடை போட ஆரம்பித்த முதல் வருடமே ஒரு துண்டுச் சீட்டு அச்சடித்தேன். மாப்பிள்ளைச் சம்பா நீரிழிவை விரட்டும், நரம்பை முறுக்கேற்றும். கறுப்புக் கவுனி புற்றுநோயைத் தடுக்கும். பூங்கார் கர்ப்பப்பைக் கோளாறுகளைத் தீர்க்கும். எங்கிருந்து எடுத்தேன்? பாதி வாட்ஸ்அப்பில் வந்தது. மீதி வேறு ஒருவரின் துண்டுச் சீட்டிலிருந்து. வங்கியில் ஒரு லட்ச ரூபாய்க் கடனுக்குப் பத்துத் தாள் சரிபார்த்தவன், இதில் ஒரு வரியைக்கூடச் சரிபார்க்கவில்லை. நல்ல காரியத்துக்குத்தானே என்று நினைத்தேன்.

என்னோடு வங்கியில் மேலாளராக இருந்த ஒருவர், எழுபதைத் தாண்டியவர், நாகேஸ்வர ராவ் பூங்காவில் தினமும் நடைக்கு வருவார். இருபது வருடமாகச் சர்க்கரை. அவரிடம் சீட்டைக் கொடுத்தேன். அரிசியும் கொடுத்தேன். மாதம் ஐந்து கிலோ வாங்கினார். மூன்றாவது மாதம் அவர் மகன் போன் பண்ணினான். அப்பா மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தியே விட்டாராம், எங்களுக்குத் தெரியாது அங்கிள் என்றான். காலில் புண், ஆறவில்லை, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் மெதுவாகத்தான் பேசினான்.

"நீங்க பேங்க்ல இருந்தவரு அங்கிள். நீங்க எழுதிக் குடுத்தா அப்பா நம்புவாரு."

ஒன்பது நாள் இருந்தார். கால் தப்பியது. நான் போய்ப் பார்த்தபோது அவர் என்னைத் திட்டவில்லை, அந்தச் சீட்டைப் பற்றிப் பேசவே இல்லை. வீட்டில் மிச்சம் இருந்த சீட்டுகளை அன்றே கிழித்துப் போட்டேன். ஆனால் அடுத்த ஞாயிறு சந்தையில் ஒரு அம்மா வந்து "இது சுகருக்கு நல்லதா?" என்று கேட்டபோது நான் "நல்லதுதாங்க" என்றுதான் சொன்னேன். வாய் தானாகச் சொன்னது. வேறு என்ன சொல்லி விற்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இதை எழுதுவது நம் பத்திரிகையில் சிலருக்குக் கசக்கும். 'உணவே மருந்து' என்பது நம் இயக்கத்தின் பேச்சு. நஞ்சில்லாத சாப்பாட்டைச் சாப்பிட்டு நோய் வராமல் இருக்கலாம் என்ற அர்த்தத்தில் அதை நானும் ஏற்கிறேன். தீட்டாத சிவப்பரிசியில் நார்ச்சத்தும் தவிட்டுச் சத்தும் உண்டு, அதைச் சொல்லலாம், சொல்ல வேண்டும். ஆனால் அரிசி அரிசிதான். அதில் மாவுச்சத்து இருக்கிறது, இரண்டு தட்டு சாப்பிட்டால் சர்க்கரை ஏறும். உணவுப் பொருளை நோய் தீர்க்கும் என்று விளம்பரம் செய்யக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விளம்பர விதிகளே சொல்கின்றன. சட்டம் கிடக்கட்டும். நாம் கச்சேரி ரோட்டில் டப்பா செட்டி கடைக்குப் பக்கத்தில் ஒரு போட்டிக் கடை போட்ட மாதிரி அரிசி விற்றுக்கொண்டிருக்கிறோம். அவர்களாவது நாட்டு மருந்தை நாட்டு மருந்து என்று விற்கிறார்கள்.

இதில் வியாபார நஷ்டமும் இருக்கிறது. மருந்தாக வாங்குகிறவர் அரைக் கிலோதான் வாங்குவார். ஒரு மாதம் சாப்பிடுவார். சோதனைச் சாலைச் சீட்டில் எண் இறங்கவில்லை என்றால் நிறுத்திவிடுவார். இறங்கினாலும் நிறுத்திவிடுவார், குணமாகிவிட்டதே! அதற்குள் வேறு ஒரு அரிசிக்கு மவுசு வந்துவிடும். என் 31 சிப்பம் அப்படித்தான் தேங்கியது. தி. நகரில் ஒரு கடைக்காரர் ஒரு ஏக்கர் விளைச்சல் முழுவதையும் எடுத்துக்கொள்கிறேன் என்று வாயால் சொன்னார். பதினாறு மூட்டை நெல்லையும் மொத்தமாக அரைத்துச் சிப்பம் கட்டினேன். அவர் பத்து நாள் கழித்து, "இப்ப எல்லாரும் கவுனிதான் சார் கேக்குறாங்க" என்றார். நெல்லாக வைத்திருந்தால் ஒரு வருடம் கிடந்திருக்கும். தவிட்டோடு இருக்கும் அரிசி சென்னை வெயிலில் எத்தனை நாள் தாங்கும்? அரைத்தது என் முட்டாள்தனம், கடைக்காரரை மட்டும் சொல்லிப் பயனில்லை. மூன்று மாதம் எங்கள் வீட்டு முன்னறையில் விருந்தாளிக்கு உட்கார இடம் இல்லை. வண்டு சோபா வரை வந்தது.

ரென்னில் அந்தத் தூக்கம் வராத இரவில் நான் யோசித்தது நம் சீரகச் சம்பாவைப் பற்றி. பழைய நெல் ரகங்களில் எதை மீட்க யாரும் யாத்திரை போகவில்லை? சீரகச் சம்பாவை. ஏனென்றால் அது தொலையவே இல்லை. ஆம்பூரிலும் திண்டுக்கல்லிலும் பிரியாணி அண்டா ஏறும்வரை அது தொலையாது. அந்தச் சமையல்காரர்களிடம் போய் இந்த அரிசியில் என்ன மருத்துவ குணம் என்று கேட்டுப் பாருங்கள். கரண்டியால் அடிப்பார்கள். பொன்னியைவிடக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள், முனகுவதில்லை. கறுப்புக் கவுனியும் இந்த மருந்துப் புகழ் வருவதற்கு முன்னால் எங்கே உயிரோடு இருந்தது? செட்டிநாட்டுக் கல்யாணப் பந்தியில், தேங்காய்ப் பூவும் சர்க்கரையும் போட்ட கவுனி அரிசியாக. இனிப்பாக! அதைத்தான் இன்றைக்குச் சர்க்கரை நோய்க்கு எழுதிக் கொடுக்கிறோம்.

ஒரு ரகம் பிழைக்க விதை வங்கி வேண்டும். அதை மறுக்கவில்லை. நெல் ஜெயராமன் 2006இல் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா தொடங்கி, இரண்டு கிலோ விதை கொடுத்து மறு வருடம் நாலு கிலோவாகத் திருப்பி வாங்கி, 174 ரகங்களைச் சேர்த்துவிட்டுப் போனார். 2018இல் அவர் போன பிறகு அந்த விதைகள் நம் கையில் இருக்கின்றன. நான் வைக்கும் மாப்பிள்ளைச் சம்பாவும் அப்படிக் கைமாறி வந்த விதைதான். ஆனால் அவர் விதையைக் கொடுத்தார், நாம் அதற்கு ஒரு பண்டத்தைக் கொடுக்கவில்லை. மாப்பிள்ளைச் சம்பா என்றால் எந்தப் பலகாரம்? காட்டுயானம் என்றால்? சென்னையில் நூறு பேரைக் கேளுங்கள். கஞ்சி என்பார்கள். கஞ்சி காய்ச்சல்காரன் சாப்பாடு.

இன்னொரு பக்கமும் பாருங்கள். மயிலாப்பூரில் காலை ஆறு மணிக்கு எத்தனை தோசை வார்க்கிறார்கள்! சாம்பாரின் பக்குவத்தைப் பற்றி, காபிக் கொட்டை எந்த மலை என்பதைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிற ஊர். அந்தத் தோசை என்ன அரிசி? 'இட்லி அரிசி'. அது என்ன ரகம், எந்த ஊரில் விளைந்தது, ஒருவருக்கும் தெரியாது. ரென்னில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும், கலெத் என்றால் சராசேன், கோதுமை மாவில் ஊற்றினால் அது க்ரேப், வேறு பண்டம் என்று.

ஊர் திரும்பியதும் மயிலாப்பூரில் ஒரு டிபன் கடை முதலாளியைப் போய்ப் பார்த்தேன். வாரத்தில் ஒரு நாள் மாப்பிள்ளைச் சம்பா தோசை போடுங்கள், பலகையில் அரிசியின் பெயரையும் ஊர் பெயரையும் எழுதுங்கள் என்றேன். விரட்டுவார் என்று நினைத்தேன். உட்காரச் சொல்லி காபி வரவழைத்தார். இரண்டு கேள்விதான் கேட்டார்.

"மாசம் எத்தனை சிப்பம் தருவீங்க? வருஷம் பூரா ஒரே பதத்துல தருவீங்களா?"

என்னிடம் பதில் இல்லை. என் நிலத்தில் அந்த வருடம் நாலு ரகம் இருந்தது, மூன்றரை ஏக்கரில். பக்கத்து ஊர் நண்பர் ஒன்பது ரகம் வைத்திருக்கிறார், ஒவ்வொன்றும் பத்து சென்ட், இருபது சென்ட். வயலுக்கு வருகிறவர்களுக்குக் காட்ட அழகாக இருக்கும், போட்டோவும் எடுக்கலாம். ஒரு தோசைக் கடைக்குக் கொடுக்க முடியாது. விதைக் காப்பாளர்கள் பத்துப் பேர் நூறு ரகம் வைக்கட்டும், அவர்களுக்கு நாம் கடன்பட்டவர்கள். மீதி இருக்கும் நாம், ஒரு வட்டாரத்தில் பத்து உழவர்கள், ஒரே ரகம், ஒரே ஆலை, ஒரே பதம் என்று உட்கார்ந்து பேசினால்தான் அந்த முதலாளிக்குப் பதில் சொல்ல முடியும். பிரிட்டனியில் அவர்கள் அந்தச் சங்கம் கட்டிச் செய்தது அதைத்தான். இதற்கு மானியம் தேவையில்லை, நம் நெஞ்சில் உள்ள 'என் ரகம்' என்ற பெருமையைக் கொஞ்சம் இறக்கி வைக்க வேண்டும். உத்திரமேரூர்ப் பக்கம் இதுவரை நாலு பேர் சம்மதித்திருக்கிறார்கள். ஐந்தாமவர், "மருத்துவ குணம் சொல்லலேன்னா கிலோ நூத்திப்பத்து ரூபா யாரு சார் குடுப்பா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். நியாயமான கேள்வி. பதிலை நான் சந்தையில்தான் தேடினேன்.

சந்தை என்றால் அடையாறு காந்தி நகரில் ஒரு நண்பர் வீட்டுக் கார் ஷெட். ஞாயிறு காலையில் நாங்கள் ஐந்தாறு பேர் கடை போடுகிறோம். அங்கே ஒரு தோசைக்கல்லும் கேஸ் அடுப்பும் கொண்டுபோய் வைத்தேன். மாவு முழுக்க வீட்டம்மாவின் பொறுப்பு. முழுக்க மாப்பிள்ளைச் சம்பா போட்டு அரைத்தால் தோசை விறைத்துப்போகிறது என்று மூன்று தடவை அரைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தாள். இப்போது மூன்று பங்கு மாப்பிள்ளைச் சம்பாவுக்கு ஒரு பங்கு தூயமல்லி, முக்கால் பங்கு தோல் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். சிவப்பரிசி எட்டு மணி நேரம் ஊற வேண்டும், அவசரப்பட்டால் மாவு நறநறக்கும். சந்தைக்குத் தயாரானதும் என்னிடம், "ஏங்க, சுகர் கிகர்னு வாயைத் திறந்தீங்கன்னா நான் கல்லைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள்.

முதல் ஞாயிறு அவமானம். மாவு அதிகம் புளித்துவிட்டது. முதல் தோசை கல்லோடு ஒட்டிப் பிய்ந்தது. ரென் கடைக்காரம்மாவை நினைத்துக்கொண்டு ஓரம் தள்ளினேன். இரண்டாவதும் பிய்ந்தது, அப்போது நினைத்துக்கொள்ள யாரும் இல்லை. நாலாவது வாரத்திலிருந்து சரியானது. நல்லெண்ணெய், பூண்டுப் பொடி, ஒரு டம்ளர் மோர். நாலாக மடித்துத் தட்டில் வைக்கிறோம். சாப்பிட்டவர்கள் மூன்று பேரில் ஒருவர் அரிசி கேட்கிறார். அரைக் கிலோ இல்லை, இரண்டு கிலோ, ஐந்து கிலோ. ஏனென்றால் அது தோசைக்கு. வீட்டில் வாரம் இரண்டு தடவை மாவு அரைக்கிறவர்களுக்கு அரைக் கிலோ எந்த மூலைக்கு? ஒரு காகிதம் கொடுக்கிறோம். அதில் அளவும் ஊறும் நேரமும் மட்டும்தான் இருக்கிறது. 31 சிப்பத்தில் ஆறு, வண்டு அரித்து மாட்டுக்குப் போனது. சலித்துக் காயவைத்து மீட்டதில் பத்தொன்பது இதுவரை விற்றிருக்கிறது. ஆறு பாக்கி. பெரிய வெற்றி என்று நான் சொல்லவில்லை. இந்தச் சம்பாப் பட்டத்தில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஏழு ஏக்கரில் அதை மட்டும் விதைத்திருக்கிறோம். இந்தத் தடவை நெல்லாகவே வைத்து மாதாமாதம் அரைப்பதாக ஏற்பாடு. டிபன் கடை முதலாளியிடம் தை மாதம் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

போன ஞாயிறு அந்தப் பழைய மேலாளர் வந்திருந்தார். மகன் காரில் கூட்டி வந்தான். கையில் தடி. எனக்குக் கை நடுங்கியது. நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். வீட்டம்மா ஒரு தோசை கொண்டுபோய்க் கொடுத்தாள். மெதுவாகப் பிட்டுச் சாப்பிட்டார், மோரையும் குடித்தார்.

"நல்லா இருக்கேய்யா. இதுல சுகர் ஏறாதா?"

"ஏறும் சார்" என்றேன். "மாத்திரை போட்டாச்சா?"

"போட்டுட்டுதான் வந்தேன்."

"அப்ப ஒண்ணோட நிறுத்திக்குங்க."

இன்னொன்று வேண்டும் என்று மகனைப் பார்த்தார். மகன் என்னைப் பார்த்தான். நான் அடுப்பை அணைத்துவிட்டேன்.